இதழியல் முதலாண்டு: சிவப்பு மை, கேமரா, கோட்பாட்டுத் தாள் – எதில் தொடங்குவது?

புதுப்பேனா:

வணக்கம். இதழியல், வெகுஜனத் தொடர்பியல் இளங்கலையில் முதல் பருவம் ஓடிக்கொண்டிருக்கிறது. செய்தி எழுதுதல், தொடர்பியல் கோட்பாடு, ஒலி-ஒளி அடிப்படை என்று தாள்கள். இவற்றோடு மாதம் ஒருமுறை மாணவர்களே தயாரிக்கும் 4 பக்கப் பயிற்சி இதழ். விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் வழிகாட்டுங்கள்.

செய்திப் பயிற்சி ஒவ்வொன்றும் சிவப்பு மையோடுதான் திரும்பி வருகிறது. கடைசியாகத் திருத்தப்பட்ட முகப்பு, அதாவது செய்தியின் முதல் பத்தி, இது:

"பல்கலைக்கழக நூலகத்தின் பணி நேரத்தை நீட்டிக்க வேண்டும் என்ற மாணவர்களின் நீண்டநாள் கோரிக்கையை ஏற்று, நேற்று காலை கூட்ட அரங்கில் நடைபெற்ற நிர்வாகக் குழுக் கூட்டத்தில் கலந்துகொண்டு பேசிய பதிவாளர், தேர்வுக் காலத்தில் நூலகம் இரவு 12 மணி வரை திறந்திருக்கும் என்று சுட்டிக்காட்டினார்."

ஓரத்தில் மூன்று குறிப்பு: "செய்தி எங்கே?", "நீண்டநாள் என்றால்?", "சுட்டிக்காட்டினாரா?" யார், என்ன, எங்கே, எப்போது, ஏன், எப்படி என்ற ஆறும் கிட்டத்தட்ட இருக்கிறதே, பிறகு என்ன குறை?

அடுத்தது கேமரா. வகுப்பில் பாதிப் பேர் மிரர்லெஸ் வகைக் கேமரா வாங்கும் பேச்சில் இருக்கிறார்கள். கையில் இருப்பது சாதாரண ஆண்ட்ராய்டு போன். இப்போதே வாங்கத்தான் வேண்டுமா?

கோட்பாட்டுத் தாளில் லாஸ்வெல் 1948, மெக்கோம்ப்ஸ்–ஷா 1972 என்று பெயரும் ஆண்டும் மனப்பாடம் ஆகின்றன. எதற்கென்றுதான் தெரியவில்லை. கடைசிப் பருவத்து ஆய்வேட்டுக்கு இதெல்லாம் உதவுமா?

மேசைக்கத்தரி:

ஆறுக்கும் பதிலை ஒரே வாக்கியத்தில் அடைத்ததுதான் கோளாறு. எண்ணிப் பாருங்கள், 32 சொல். செய்தி 23ஆவது சொல்லில்தான் தொடங்குகிறது. அதற்கு முன்னால் இருப்பதெல்லாம் கூட்டம் நடந்த கதை.

இது தமிழுக்கே உரிய பொறி. ஆங்கில வாக்கியத்தில் எழுவாயும் வினையும் முதல் ஐந்தாறு சொல்லுக்குள் வந்துவிடும், மற்ற விவரம் பின்னால் தொங்கும். நமக்கு வினை கடைசியில். "நடைபெற்ற", "கலந்துகொண்டு", "பேசிய" என்று எச்சங்களைச் சேர்க்கச் சேர்க்க எல்லாம் முன்பக்கம் குவிந்து, செய்தி வாலுக்குப் போய்விடுகிறது. ஆங்கிலப் பாடநூலைப் பார்த்து எல்லாவற்றையும் முதல் வாக்கியத்தில் திணித்தால், முக்கியமானதை முதலில் வைக்கும் தலைகீழ்ப் பிரமிடு தமிழில் நேர்ப் பிரமிடாகிவிடும்! வாக்கியத்தை உடைப்பதுதான் வழி:

"தேர்வுக் காலத்தில் பல்கலைக்கழக நூலகம் இரவு 12 மணி வரை திறந்திருக்கும். நிர்வாகக் குழுவின் இந்த முடிவைப் பதிவாளர் நேற்று அறிவித்தார்."

முதல் வாக்கியம் 9 சொல். முகப்பு வாக்கியம் 15 சொல்லைத் தாண்டினால் ஒரு எச்சத்தை வெட்டி முற்றுவினையாக்குங்கள். கூட்ட அரங்கு, காலை நேரம் இரண்டும் வாசகருக்கு எதற்கு? எடுத்துவிடலாம்.

உடைத்த பிறகுதான் ஓட்டைகள் தெரியும். இதுவரை எத்தனை மணிக்கு மூடினார்கள்? எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை? வாசிப்புக் கூடம் மட்டுமா, நூல் கடன் வாங்கும் இடமும் திறந்திருக்குமா? இரவில் வேலை பார்க்கப்போவது யார்? நீளமான வாக்கியம் இந்தக் கேள்விகளையெல்லாம் மறைத்து வைத்திருந்தது. "நீண்டநாள் கோரிக்கை" என்பதும் அதே ரகம். எந்த மாதம், யார், யாரிடம் மனு கொடுத்தார்கள் என்று தெரிந்தால் எழுதுங்கள், தெரியாவிட்டால் அடித்துவிடுங்கள்.

இனி வினைச்சொல். "சுட்டிக்காட்டினார்" என்றால் ஏற்கெனவே உள்ள ஓர் உண்மையை அவர் காட்டினார், நீங்களும் அதை உண்மை என்று ஏற்கிறீர்கள் என்று பொருள். "ஒப்புக்கொண்டார்" என்றால் இதுவரை மறைத்தார் என்றாகும். "விளக்கமளித்தார்" என்றால் ஏதோ குழப்பம் இருந்தது. நூற்றுக்குத் தொண்ணூறு இடத்தில் "கூறினார்", "தெரிவித்தார்", "அறிவித்தார்" போதும். ஒரே சொல் மூன்று முறை வந்தால் வாசகர் கவனிக்கக்கூட மாட்டார், தவறான சொல் ஒருமுறை வந்தால் வக்கீல் கவனிப்பார்.

"கூறப்படுகிறது", "எனத் தெரிகிறது", "கருதப்படுகிறது" மூன்றையும் முதலாண்டு முழுக்கத் தொடாதீர்கள். யார் கூறியது, யாருக்குத் தெரிகிறது என்று எழுத முடியாதபோதுதான் இவை கைக்கு வருகின்றன. குற்றச் செய்தியில் தீர்ப்பு வரும்வரை "குற்றம் சாட்டப்பட்டவர்"தான், "குற்றவாளி" இல்லை. கைதானவருக்கும் "ஆர்" விகுதிதான். "பிடிபட்டான்" என்று எழுதும்போதே தண்டனை கொடுத்தாகிவிட்டது. இன்னொருவர் சொன்ன அவதூறை மேற்கோள் குறிக்குள் போட்டால் தப்பித்துவிடலாம் என்ற நம்பிக்கையும் வேண்டாம். "அவர் சொன்னார், நான் போட்டேன்" என்ற வாதம் பல நாடுகளின் அவதூறுச் சட்டத்தில் எடுபடாது.

கொடுப்பதற்கு முன் செய்ய வேண்டிய ஒரு வேலை: பிரதியை அச்செடுத்து, பெயர், பதவி, எண், தேதி ஒவ்வொன்றின் கீழும் கோடு போடுங்கள். பக்கத்தில் அது எங்கிருந்து வந்தது என்று குறியுங்கள்: நேரில் கேட்டது, ஆவணம், பலகை, இப்படி. எதுவும் எழுத முடியாத கோடு ஒன்று இருந்தாலும் மறுபடி போன் போட வேண்டும். பெயரையும் தலையெழுத்தையும் அவரையே எழுதித் தரச் சொல்லி வாங்குங்கள். சதவீதத்தில் கூடுதல் கவனம்: 4 சதவீதம் 6 சதவீதமானால் உயர்வு 2 சதவீதப் புள்ளி, விகிதக் கணக்கில் 50 சதவீத உயர்வு. "2 சதவீதம் உயர்ந்தது" என்று எழுதினால் தவறு.

ஒலிக்கூடம்:

கேமரா இப்போது வேண்டாம். மைக் வாங்குங்கள். படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் பார்ப்பார்கள், சத்தம் இரைந்தால் அடுத்த நொடி மூடிவிடுவார்கள்.

சட்டையில் மாட்டும் கம்பி மைக் போதும். வாங்கும்போது முள்ளைப் பாருங்கள். போனுக்கான 3.5 மி.மீ. முள்ளில் மூன்று கறுப்பு வளையம் இருக்கும், கேமராவுக்கானதில் இரண்டு. மாற்றிச் செருகினால் போன் வாயே திறக்காது, தன் சொந்த மைக்கில் பதிவு செய்துகொண்டிருக்கும். வீட்டுக்கு வந்து கேட்டால்தான் விஷயம் தெரியும். அதனால் பதிவைத் தொடங்கி மைக் தலையை நகத்தால் லேசாகச் சுரண்டி, ஹெட்போனில் கேளுங்கள். சுரண்டல் காதில் அறைந்தால் மைக் வேலை செய்கிறது.

வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண், அதாவது 15 முதல் 20 செ.மீ. இருக்கட்டும். துப்பட்டா, சங்கிலி உரசாத இடத்தில் மாட்டுங்கள். ஒலி அளவுமானி இருந்தால் உச்சம் மைனஸ் 12 டெசிபல் பக்கம் நிற்க வேண்டும். பூஜ்ஜியத்தைத் தொட்ட ஒலி கிழிந்துபோகும், அதை எந்த மென்பொருளாலும் முழுதாகத் தைக்க முடியாது. தாழ்ந்த ஒலியை உயர்த்திக்கொள்ளலாம். கோப்பு வடிவம் வேவ் (WAV), 48 கிலோஹெர்ட்ஸ். போனை விமானப் பயன்முறைக்கு மாற்றாமல் பேட்டி தொடங்காதீர்கள். முடிந்ததும் யாரும் பேசாமல் அதே அறையின் வெறும் ஒலியை 30 நொடி பதிவு செய்யுங்கள். பேச்சை வெட்டும் இடங்களில் அடியில் விரிக்க அது தேவைப்படும். இல்லாவிட்டால் மின்விசிறிச் சத்தம் விட்டுவிட்டு வந்து ஒட்டுப்போட்டது பளிச்சென்று தெரியும்.

காணொளிக்கு: முதலில் பேட்டி கொடுப்பவரின் முகத்துக்கு எதிரே ஜன்னல் இருக்கட்டும், முதுகுக்குப் பின்னால் வேண்டாம். வெளிச்ச அளவையும் ஃபோகஸையும் பூட்டுங்கள். மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் உள்ள இடத்தில் நொடிக்கு 25 சட்டகம் (ஃப்ரேம்), ஷட்டர் 1/50 நொடி. 60 ஹெர்ட்ஸ் என்றால் 30 சட்டகம், 1/60. விளக்கு மின்சாரத்தின் இரட்டை வேகத்தில் மினுக்குவதால், பொருந்தாத ஷட்டரில் படத்தில் பட்டைகள் ஓடும். இதற்கு ஷட்டரைக் கையால் மாற்றவிடும் கேமரா செயலி தேவை.

செயலை ஐந்து ஷாட்டாக எடுத்துப் பழகுங்கள்: கைகள் நெருக்கத்தில், முகம் நெருக்கத்தில், இடத்தோடு ஆள், தோளுக்கு மேலிருந்து, பிறகு யாரும் எதிர்பாராத ஒரு கோணம். ஒவ்வொன்றும் அசையாமல் 10 நொடி. புதியவர்கள் மூன்று நொடியில் கேமராவை நகர்த்திவிடுகிறார்கள். படத்தொகுப்பில் உட்காரும்போது வெட்ட ஒன்றுமே இருக்காது.

போனில் எடுத்த அரைமணி நேரப் பேட்டியில் கடைசிப் பக்கம் உதடும் ஒலியும் பிரிகிறதா? போன் சட்டக வேகத்தைக் கூட்டிக் குறைத்தே பதிவு செய்யும். சில தொகுப்பு மென்பொருள்கள் அதை நிலையான வேகம் என்று எடுத்துக்கொள்ளும். இலவசமாகக் கிடைக்கும் ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் நிலையான சட்டக வேகத்துக்கு மாற்றிவிட்டுத் தொகுப்பைத் தொடங்குங்கள். இடமும் பார்த்துக்கொள்ளுங்கள்: நொடிக்கு 20 மெகாபிட் தரத்தில் 10 நிமிடம் 1.5 ஜிபி.

இரண்டாமாண்டில் உங்களுக்கு வானொலியா, புகைப்படமா, ஆவணப்படமா என்று தெரிந்த பிறகு கேமராவைப் பற்றி யோசிக்கலாம். அதுவரை துறையின் கருவி அறையில் இருப்பதை எடுங்கள். கையெழுத்துப் போடுமுன் பேட்டரி, மெமரி கார்டு, மைக் கம்பி மூன்றையும் அங்கேயே போட்டுப் பாருங்கள்.

புதுப்பேனா:

மிக்க நன்றி, இருவருக்கும். இரண்டு சின்னச் சந்தேகம். ஒரு நிமிட வானொலிச் செய்திக்கு எத்தனை சொல்? பயிற்சி இதழின் பக்க வடிவமைப்பு இந்த மாதம் என் குழுவின் பொறுப்பு. இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் யூனிகோட் தமிழை ஒட்டினால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது, "கொ" மூன்று துண்டாகிறது. எழுத்துருவை மாற்றியும் சரியாகவில்லை.

ஒலிக்கூடம்:

நொடிக்கு மூன்று சொல் என்பது ஆங்கிலக் கணக்கு. "நிறுத்திவைக்கப்பட்டிருந்தவர்களுக்கு" நமக்கு ஒரே சொல், அங்கே அரை வரி. நீங்கள் எழுதிய செய்தியையே நிதானமாக உரக்கப் படித்து ஒரு நிமிடத்தில் எங்கே நிற்கிறீர்கள் என்று குறியுங்கள். ஐந்து செய்திக்குச் செய்தால் உங்கள் சராசரி கிடைக்கும். எண்களைக் காதுக்கு ஏற்ப மாற்றுங்கள்: 1,48,732 பேர் என்பது வானொலியில் "ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பேர்".

பக்கக்கட்டு:

எழுத்துருவில் பிரச்சினை இல்லை. பத்தி அடுக்கும் பொறிதான் காரணம். இன்டிசைனின் வழக்கமான கம்போசருக்கு இந்திய எழுத்துகளைக் கோக்கத் தெரியாது. பாராகிராஃப் பலகத்தின் மெனுவில் 'அடோபி வேர்ல்ட்-ரெடி பாராகிராஃப் கம்போசர்' என்று இருக்கும், அதைத் தேர்ந்தெடுங்கள். கொம்பு தன் இடத்துக்கு வந்துவிடும். ஒவ்வொரு பத்திக்கும் செய்துகொண்டிருக்காமல் பாராகிராஃப் ஸ்டைலிலேயே வைத்துவிடுங்கள். இலவச மென்பொருளான ஸ்க்ரைபஸ் என்றால் 1.5 வரிசையோ அதற்குப் பிந்தையதோ வேண்டும், பழைய 1.4இல் தமிழ் உடையும்.

யாராவது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிக் கொடுத்தால், அது உள்ளே ஆங்கில எழுத்துதான், மேலே தமிழ்ச் சட்டை. எழுத்துரு இல்லாத கணினியில் சட்டை கழன்றுவிடும். எந்தக் குறியாக்கம் என்று கேட்டு யூனிகோடுக்கு மாற்றிவிட்டுத்தான் பக்கத்தில் வைக்க வேண்டும். மாற்றிய பிறகு ஒருமுறை மெய்ப்பு பாருங்கள். "ஔ" வர வேண்டிய இடத்தில் "ஒ", "ள" என்று இரண்டு எழுத்தாக இருக்கும், கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும், தேடினால் அகப்படாது.

படங்களுக்கு ஒரு கணக்கு: அச்சில் அங்குலத்துக்கு 300 பிக்சல் வேண்டும். 10 செ.மீ. அகலத்தில் வரும் படம் 1,200 பிக்சலாவது இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருக்கிவிடும், ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள். அப்படியே, படம் எடுத்தவர் பெயரும் படத்தில் இருப்பவர்களின் பெயர் இடமிருந்து வலமாகவும் அதோடு வர வேண்டும். அச்சுக்கு முந்தைய இரவு "இரண்டாவதாக நிற்பவர் யார்?" என்று குழுவில் கேட்காத பயிற்சி இதழே கிடையாது.

கட்டுவாரம்:

கோட்பாட்டுக்கு யாரும் வரவில்லையா? சரி.

ஆண்டை விடுங்கள். ஒவ்வொரு கோட்பாட்டுக்கும் "எதை எண்ணினார்கள்?" என்று கேளுங்கள். மெக்கோம்ப்ஸும் ஷாவும் 1968 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது சேப்பல் ஹில் என்ற ஊரில் இன்னும் முடிவெடுக்காத 100 வாக்காளர்களிடம் முக்கியப் பிரச்சினைகள் எவை என்று கேட்டார்கள். அதே நாள்களில் ஊடகங்கள் எந்தப் பிரச்சினைக்கு எவ்வளவு இடம் கொடுத்தன என்று அளந்தார்கள். இரண்டு வரிசையும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தன. ஊடகம் பெரிதாகக் காட்டுவதையே மக்களும் முக்கியம் என்று நினைக்கிறார்கள் என்னும் நிகழ்ச்சிநிரல் கோட்பாட்டுக் கட்டுரை, 1972இல் வெளியானது, இதுதான். இப்படிப் பார்த்தால் குறையும் கூடவே தெரியும்: ஊடகம் மக்களை வழிநடத்தியதா, மக்களின் கவலையை ஊடகம் பின்தொடர்ந்ததா என்று இந்த ஒப்பீட்டை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. தேர்வில் மதிப்பெண் வாங்கித் தரும் வரியும் அதுதான். எந்தச் செய்தியை உள்ளே விடுவது என்று முடிவெடுப்பவரைப் பற்றிய வாயில்காப்போன் ஆய்வில் டேவிட் மேனிங் வைட் பார்த்தது ஒரே ஒரு செய்தி ஆசிரியரை, ஒரே ஒரு வாரம். அந்த ஆசிரியர், செய்தி நிறுவனங்களிடமிருந்து வந்த செய்திகளில் பத்தில் ஒன்பது பங்கைத் தள்ளினார், ஏன் தள்ளினேன் என்று குறிப்பும் எழுதினார். உங்கள் பயிற்சி இதழிலேயே இந்த ஆய்வை ஒரு மாதத்தில் செய்து பார்க்கலாம்.

ஆய்வேட்டில் சறுக்கும் இடங்கள் தெரிந்தவைதான். முதலாவது, வகுப்பு நண்பர்களுக்கு இணையப் படிவம் அனுப்பி, 400 பதில் வாங்கி, "பிழை வரம்பு 5 சதவீதம்" என்று எழுதுவது. 400 பேருக்கு ஏறத்தாழ 5, 1,000 பேருக்கு ஏறத்தாழ 3 என்ற கணக்கு குலுக்கல் முறையில் எடுத்த மாதிரிக்கு மட்டும்தான், அதுவும் 95 சதவீத நம்பக நிலையில். கைக்குக் கிடைத்தவர்களிடம் கேட்டதற்குப் பிழை வரம்பே எழுதக் கூடாது. "இந்த 400 பேர் இப்படிச் சொன்னார்கள்" என்று நேர்மையாக நிறுத்துங்கள்.

நாளிதழ் உள்ளடக்க ஆய்வு என்றால் தொடர்ந்து 14 நாள் இதழை எடுக்காதீர்கள். அந்த இரண்டு வாரத்தில் ஒரு தேர்தலோ விபத்தோ வந்தால் முடிவு முழுக்கச் சாய்ந்துவிடும். கட்டிய வாரம் என்று ஒரு முறை உண்டு: ஆண்டின் எல்லாத் திங்கள்கிழமைகளிலும் சீட்டு போட்டு ஒன்று, செவ்வாய்க்கிழமைகளில் ஒன்று என்று ஏழு நாளும் எடுப்பது. ஓர் ஆண்டு நாளிதழுக்கு இப்படி இரண்டு வாரம் போதும் என்று ஆய்வாளர் ரிஃப் குழுவினர் 1993இல் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள்.

எல்லாரும் கோட்டைவிடுவது குறியீட்டு ஒப்புமையில், அதாவது ஒரே செய்தியை இருவரும் ஒரே மாதிரி வகைப்படுத்துகிறார்களா என்பதில். 100 செய்தியை இருவர் தனித்தனியாக "எதிர்மறை", "எதிர்மறை அல்ல" என்று பிரிக்கிறார்கள். 86இல் ஒத்துப்போகிறார்கள். 86 சதவீதம், பிரமாதம் என்று தோன்றும். இருவருமே தலா 90 செய்தியை எதிர்மறை என்று குறித்திருந்தால்? கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலே 0.9 × 0.9, அதோடு 0.1 × 0.1, மொத்தம் 82 சதவீதம் தற்செயலாக ஒத்துப்போகும். இந்தத் தற்செயலைக் கழித்துவிட்டு ஒப்புமையை அளப்பதுதான் கோஹனின் கப்பா: (0.86 – 0.82) ÷ (1 – 0.82) = 0.22. பிரமாதம் காணாமல் போயிற்று. கிரிப்பன்டார்ஃப் என்ற ஆய்வாளர், அதே வேலைக்கான தன் ஆல்ஃபா அளவுக்கு 0.80 கேட்கிறார், தற்காலிக முடிவுக்குக் குறைந்தது 0.667. கப்பா தாழ்ந்தால் குறியிடும் ஆளை மாற்ற வேண்டாம். "எதிர்மறை" என்பதன் வரையறையை இறுக்கி, 20 செய்தியில் ஒத்திகை பார்த்து, பிறகு முழு மாதிரிக்குப் போங்கள்.

விருப்பப் பாடம் தேர்ந்தெடுக்கும்போது ஊடகத் தாளையே இன்னொன்று எடுக்காமல் புள்ளியியல், பொருளியல், சட்டம் என்று வெளியே போங்கள். யுனெஸ்கோ 2007இல் இதழியல் கல்விக்கு வெளியிட்ட மாதிரிப் பாடத்திட்டமும் தொழில்திறனோடு வேறொரு துறை அறிவையும் கேட்கிறது. வரவுசெலவு அறிக்கையைப் படிக்கத் தெரிந்த நிருபர் எந்த அலுவலகத்திலும் குறைவுதான்.

புதுப்பேனா:

கொம்பு சரியாகிவிட்டது! மேசைக்கத்தரி ஐயா, திருத்தி எழுதியிருக்கிறேன், பாருங்கள்:

"தேர்வு முடியும் வரை பல்கலைக்கழக நூலகத்தின் வாசிப்புக் கூடம் இரவு 12 மணி வரை திறந்திருக்கும். இதுவரை 8 மணிக்கு மூடப்பட்டு வந்தது. நூல் கடன் பிரிவு வழக்கம்போல் 6 மணிக்கே மூடப்படும் என்று பதிவாளர் தெரிவித்தார். கூடுதல் நேரத்துக்கான ஊழியர்கள் குறித்து அவர் பதிலளிக்கவில்லை."

மேசைக்கத்தரி:

இப்போது இது செய்தி. மூன்று திருத்தம். முதல் வாக்கியத்தில் "வரை" இரண்டு முறை வருகிறது, "தேர்வு முடியும் வரை" என்பதை எடுத்துவிட்டுத் தேதியைப் போடுங்கள். "8 மணிக்கு மூடப்பட்டு வந்தது" எங்கிருந்து வந்தது? நூலக வாசலில் நேரப் பலகை இருந்தால் அவர்கள் மாற்றுவதற்கு முன் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். கடைசி வரிதான் சிக்கல். நேரில் கேட்டு அவர் பேசாமல் போனாரா, மாலை 5 மணிக்கு மின்னஞ்சல் அனுப்பி 6 மணிக்குப் பிரதியைக் கொடுத்தீர்களா? பின்னது என்றால் "பதிலளிக்கவில்லை" அநியாயம். "மின்னஞ்சலில் கேட்டதற்கு, இதழ் அச்சுக்குப் போகும் நேரம்வரை பதில் வரவில்லை" என்று எழுதுங்கள். அதற்கும் முன்னால், இன்னொரு முறை போன் செய்யுங்கள்.